பாலம் ஏறும்போது மட்டும் ஒரு டிக்

சைக்கிளில் சத்தம் வருகிறது என்று யாராவது வந்து நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கே வருகிறது என்று கேட்டால் எல்லோரும் சக்கரத்தைத்தான் கை காட்டுவார்கள். சக்கரம் வாயில்லாத ஜீவன், அதன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். ஒருத்தர் மாதக்கணக்கில் என் உயிரை எடுத்தார். கடைசியில் பார்த்தால் சீட்டுக்கு அடியில் தொங்கிய பையில் அவர் வீட்டுச் சாவி ஆடிக்கொண்டிருந்தது. இன்னொருத்தருக்குத் தண்ணீர் பாட்டிலின் மூடி. இன்னொருத்தருக்கு முழங்கால். மாதா சத்தியமாக, முழங்கால்! அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

என் பெயர் ஜாஸ்மின். அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய வீட்டின் கார் ஷெட்டுதான் என் பட்டறை. நான் சைக்கிள் விற்பதில்லை, பஞ்சர் ஒட்டுவதில்லை. சக்கரம் கட்டுகிறேன். நடுவில் இருக்கும் ஹப், சுற்றி இருக்கும் ரிம், இரண்டையும் சேர்க்கும் ஸ்போக்ஸ் கம்பிகள், எல்லாம் தனித்தனியாக வரும். ஓட்டுகிறவரின் எடையையும் ஓட்டும் விதத்தையும் கேட்டுக்கொண்டு, எவ்வளவு மெல்லிய கம்பி தாங்கும் என்று பார்த்து, கையால் கோத்து, முறுக்கி, நேராக்கிக் கொடுப்பேன். விரல் இரண்டில் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசாக இருக்கும். பட்டினப்பாக்கத்து மீன்காரக் குடும்பத்துப் பெண் இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்று கேமராவோடு வந்து கேட்பவர்களையும் எனக்குப் பிடிக்காது. வந்தேன், அவ்வளவுதான்.

சிம்ரா அந்தப் புதன்கிழமை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது மூன்றாவது தடவை. கூடவே அவள் கணவன் ஆசிஃபும் வந்திருந்தான். அவனைப் பார்த்ததுமே இது சாதாரண விஷயமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தி.நகரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன் கடை திறக்கும் நேரத்தில் என் ஷெட்டில் வந்து நிற்க வேண்டிய அவசியம் என்ன?

"அக்கா, திரும்பவும் வருது" என்றாள் சிம்ரா.

"அதே சத்தமா?"

"அதேதான். டிக்குனு. பின் சக்கரம். பாலத்துல ஏறும்போது எழுந்து நின்னு மிதிச்சா மட்டும்."

"உக்காந்துக்கினு மிதிச்சா?"

"இல்ல."

"போன தடவை எண்ணெய் விட்டேனே, அப்போ இன்னா ஆச்சு?"

"கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் வந்துருச்சு."

இந்த 'மாதிரி' என்ற சொல்லைக் கேட்டாலே நான் கணக்குப் போட்டுவிடுவேன். குறைந்தது என்றால் குறைந்தது. குறைந்த மாதிரி என்றால் அது மனசு. ஆனால் சிம்ரா விஷயத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

சிம்ரா மயிலாப்பூரில் ஒரு பல் லேபில் வேலை செய்கிறாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட் செய்கிற வேலை. போன வருஷம் கோட்டூர்புரம் பாலத்தில் இறங்கும்போது அவள் பின் சக்கரத்தில் கம்பிகள் உடைந்து, சக்கரம் ஃபிரேமில் சிக்கி நின்றுவிட்டது. அது நான் கட்டிய சக்கரம் இல்லை, வாங்கும்போதே சைக்கிளோடு வந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. முன்பல் இரண்டு போயிற்று. அந்த இரண்டையும் அவளே செய்து கட்டிக்கொண்டாள். சிரித்தால் எது அசல் என்று உங்களால் சொல்ல முடியாது.

விழுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்தச் சக்கரம் டிக் டிக் என்றிருக்கிறது. சர்வீஸ் செய்யும் கடையில் சொன்னாள், ஒண்ணுமில்லை என்றார்கள். கூட ஓட்டுகிறவர்களிடம் சொன்னாள், ஒண்ணுமில்லை என்றார்கள். எல்லோருக்கும் முன்னாலேயே ஆசிஃபிடம் சொன்னாள், அவனும் ஒண்ணுமில்லை என்றான். எலும்பு கூடிய பிறகு என்னிடம் வந்து, "அக்கா, உடையாத சக்கரம் வேணும்" என்றாள். உடையாத சக்கரம் உலகத்திலேயே கிடையாது என்று அவளைத் திட்டிவிட்டுத்தான் கட்டிக் கொடுத்தேன்.

இப்போது என் சக்கரமும் டிக் என்கிறதாம்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க" என்று ஆசிஃப் ஆரம்பித்தான். "நான் ஸ்கூட்டர்ல பக்கத்துலயே போய்ப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

"உன் ஸ்கூட்டர் போடுற கூச்சல்ல எதிர்ல பஸ் வந்தாகூட உனக்குக் கேக்காது தம்பி."

"சரி, நீங்க ஓட்டிப் பாத்தீங்களே? உங்களுக்குக் கேட்டுச்சா?"

முதல் இரண்டு தடவையும் நான் ஓட்டிப் பார்த்திருந்தேன். எனக்குக் கேட்கவில்லை.

சிம்ரா குனிந்து சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டோம்க்கா. நீங்க இன்னொரு தடவை நல்லா பாருங்க. சக்கரத்துல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா, அப்போ சத்தம் எனக்குள்ளதான் வருது. இல்லாத சத்தம் கேக்குறவ கூட்டத்துல ஓட்டக்கூடாது. எனக்கு மட்டும் இல்ல, பக்கத்துல ஓட்டுறவங்களுக்கும் ஆபத்து. ஞாயித்துக்கிழமை ரேஸ் வேணாம், சைக்கிளும் வேணாம். விட்டுடறேன்."

விழுந்த பிறகு அவள் ஓட்டப்போகும் முதல் பந்தயம் அது. ஈசிஆர் கடற்கரைச் சாலையில், பெண்களுக்கு மட்டும். நாலு மாதமாக விடியுமுன் எழுந்து தயாராகிக்கொண்டிருந்தாள்.

"யார் போட்ட ஒப்பந்தம் இது? நீயா, இவனா?"

"நான்தான்க்கா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கம்பி திருகும் சாவியை மேஜைமேல் போட்டேன். பின்னே என்ன? சக்கரம் கட்டுகிறவளுக்கு 'சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை' என்பதைவிட இனிப்பான வார்த்தை உண்டா? அந்த வார்த்தையை நான் சொன்னால் இவள் பைத்தியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கணக்கு. குறை இருக்கிறது என்று சொன்னால் என் வேலை மோசம். இரண்டில் ஒன்று. நடுவில் என்னைக் கொண்டு நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

நான் வேலை செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். சக்கரம் கைக்கு வந்ததும் முதலில் டயரைக் கழற்றுவேன், டியூபைக் கழற்றுவேன், ரிம்மைத் துடைப்பேன். டயரோடு சக்கரத்தைத் தொடுகிறவன் வேலைக்காரனே இல்லை என்பது என் கட்சி. அப்புறம் ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றுவேன். இரண்டு இரண்டு கம்பியாகக் கையால் பிடித்து நெருக்கி, எது எவ்வளவு விறைப்பு என்று பார்ப்பேன். மீட்டரும் வைத்து அளப்பேன். பின் சக்கரத்தில் செயின் இருக்கும் வலது பக்கத்துக் கம்பிகள் அதிக விறைப்பாக இருக்கும், இடது பக்கத்துக் கம்பிகள் கொஞ்சம் தளர்வாக இருக்கும். அது அமைப்பு அப்படி, குறையில்லை. ஆனால் இடது பக்கம் ரொம்பத் தளர்ந்துபோனால், ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகிற இடத்தில் கம்பிகள் உரசிக்கொண்டு டிக் என்று சொல்லும். சத்தம் என்று யார் வந்தாலும் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த இடத்தைத்தான்.

அன்றைக்கு முழுக்க சிம்ராவின் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் ஒவ்வொரு கம்பியும் நான் வைத்த அளவிலேயே இருந்தது. மயிரளவு நகரவில்லை. ரிம்மில் கம்பி நுழையும் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இல்லை. ஹப்பைப் பிரித்து பேரிங்கைப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. சக்கரத்தைப் படுக்க வைத்து மேலே கை ஊன்றி என் முழு எடையையும் போட்டேன். நான் ஒன்றும் இளைத்தவள் இல்லை. சக்கரம் மூச்சுக்கூட விடவில்லை. டயரை மாட்டி, காற்றடித்து, தெருவில் நானே ஓட்டினேன். எழுந்து நின்று மிதித்தேன், பக்கத்து வீட்டு வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு சத்தமும் இல்லை.

எவ்வளவு நல்ல சக்கரம் தெரியுமா! பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு துணியைப் போட்டு அதை மூடி வைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் விடியற்காலையில் கடலுக்குப் போய்த் திரும்பி, தூங்கி எழுந்து, நெத்திலியை வறுத்து வைத்திருந்தார். என் மூஞ்சியைப் பார்த்ததும் தட்டை நகர்த்தி வைத்தார்.

"இன்னா, எவன் கிட்ட சண்டை போட்டுக்கினு வந்தே?"

சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ரொம்பச் சுலபமாக ஒரு வழி சொன்னார். "இதுல இன்னா ஜாஸு யோசனை? நாலு கம்பிய மாத்து. 'தோ பாரு, இந்தக் கம்பிலதான் சத்தம், எட்த்துட்டேன்'னு சொல்லு. அந்தப் பொண்ணு மனசு ஆறிப்பூடும். மனசு ஆறினா சத்தம் பூடும். ரேஸும் ஓட்டும்."

"போகலன்னா?"

"இன்னா போகல?"

"சத்தம் போகலன்னா? நான் எட்த்துட்டேன்னு சொன்ன அப்புறமும் அவ காதுல கேட்டுக்கினே இருந்தா? அவ இன்னா நெனப்பா? அப்பவே செத்துருவாய்யா அவ."

"சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன்."

"பொய் சொல்லி சக்கரம் குடுத்து, நாளைக்கு அது நெஜமாவே உடஞ்சுதுன்னு வெச்சுக்க. அப்போ நீ வந்து தூக்குவியா?"

"யம்மா தாயே, துன்னு மொதல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நெத்திலி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் பட்டறையில் போனை எடுத்து வைத்துக்கொண்டேன். 'சக்கரத்தில் ஒண்ணும் இல்லை சிம்ரா' என்று சொல்வதுதான் நியாயம். அளந்து பார்த்தவள் அளந்ததைச் சொல்ல வேண்டும். அந்த நாலு வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். போன வருஷம் அவளிடம் எல்லோரும் சொன்ன அதே வார்த்தை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, அதனால் கோபம் வந்தது. அவள் போனை எடுத்ததும், "நாளைக்குக் காலைல அடையாறு பாலத்துக்கு வா. நீ ஓட்டு, நான் பக்கத்துலயே வரேன். எனக்கு என் காதால கேக்கணும்" என்று கத்தினேன். அவள் பாவம், சரிக்கா என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை வெளிச்சம் வரும் நேரத்துக்குப் பாலத்தின் அடையாறு முனையில் நின்றோம். பஸ்கள் வர ஆரம்பித்திருந்தன, ஆனால் இடைவெளி இருந்தது. ஆற்று நாற்றம் வழக்கம்போல் மூக்கைத் துளைத்தது. ஆசிஃப் ஸ்கூட்டரில் வந்திருந்தான். சிம்ராவிடம் சைக்கிளைக் கொடுத்தேன். அவள் ஏறவில்லை. குனிந்து பின் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். நிமிர்ந்து ஆசிஃபைப் பார்த்தாள். அவன் ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரின் முன்னால் வைத்திருந்த பம்பை எடுத்துக் கொடுத்தான்.

"ஏய், இன்னா பண்றே? நான் காத்து கரெக்டா அடிச்சிக் குடுத்துருக்கேன்."

"கம்மியா இருக்குக்கா."

"உன் எடைக்கு அது போதும்."

"எனக்கு வேணும்க்கா" என்றாள். அடித்தாள். அடித்தாள் என்றால் சும்மா இல்லை, உடம்பு முழுக்கப் பம்பின்மேல் சாய்ந்து, கைப்பிடி கீழே இறங்க மறுக்கும்வரை அடித்தாள். பம்பின் முள் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவில் போய் நின்றது.

"தெனமும் இப்படியா அடிக்கிறே?"

"விழுந்ததுலேர்ந்து. டயர்ல காத்து கம்மியா இருந்ததாலதான் சக்கரம் அடி வாங்கி கம்பி உடஞ்சுதுன்னு ஒருத்தர் சொன்னார். கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்ததும் மொதல்ல இதைத்தான் செய்வேன்."

அது சுத்தப் பேத்தல். யார் சொன்னது என்று கேட்டு நாலு வார்த்தை விடலாம் என்று வாயைத் திறந்தேன். பேசும்போது என் கை சும்மா இருக்காது, சக்கரம் எங்கே இருந்தாலும் கம்பியைப் பிடித்து நெருக்கிப் பார்க்கும், பழக்கதோஷம். இடது பக்கத்துக் கம்பிகள் இரண்டைச் சேர்த்துப் பிடித்தேன்.

மெத்தென்று இருந்தது.

என் வாய் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த ஜோடியைப் பிடித்தேன். அதுவும் மெத்தென்று. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தேன். முந்தாநாள் என் பட்டறையில் விறைப்பாக இருந்த அதே கம்பிகள். "நவுரு" என்று சிம்ராவைத் தள்ளிவிட்டு, டயரில் இருந்த காற்றைப் புஸ்ஸென்று கொஞ்சம் இறக்கினேன். பிடித்தேன். விறைப்பு. பம்பை வாங்கி நானே ஏற்றினேன். பிடித்தேன். மெத்து. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

"என்னக்கா? என்ன ஆச்சு?" என்று ஆசிஃப் ஓடி வந்தான்.

"பேசாத. யாரும் பேசாத. ஏறு சிம்ரா. பஸ் எதுவும் வரல. எழுந்து நின்னு மிதி. நீ எப்பவும் மிதிக்கிற மாதிரியே."

அவள் கிளம்பினாள். நான் என் பழைய சைக்கிளில் அவள் பின் சக்கரத்தை ஒட்டியபடி போனேன். பாலம் ஏற ஆரம்பித்தது. அவள் சீட்டை விட்டு எழுந்தாள். சைக்கிள் இடமும் வலமும் சாய்ந்தது. எனக்கு மூச்சு வாங்கியது, வாங்குகிற மூச்சுச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே காதைக் கொடுத்தேன்.

டிக்.

சின்னச் சத்தம். நகத்தால் நகத்தைத் தட்டினால் வருமே, அவ்வளவுதான். கொஞ்சம் போனதும் இன்னொன்று. டிக். அவள் வலது பக்கம் சாய்ந்து மிதிக்கும்போதெல்லாம் டிக்.

"கேட்டுச்சு!" என்று பாலத்து உச்சியில் நின்று கூப்பாடு போட்டேன். "கேட்டுச்சுடி! எனக்குக் கேட்டுச்சு!" நடக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

சிம்ரா சைக்கிளை நிறுத்தி, நடைபாதை ஓரக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. சந்தேகம்தான் இருந்தது. "நெஜமாவாக்கா? என்னை சமாதானப்படுத்த சொல்லலியே?"

"நான் யாரையாவது சமாதானப்படுத்தி நீ பாத்துருக்கியா?"

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். குறையுள்ள சக்கரத்துக்காக இவ்வளவு சந்தோஷமாக அழுத வாடிக்கைக்காரரை நான் இதுவரை கண்டதில்லை. எனக்கும் கண் முட்டிக்கொண்டு வந்தது. பஸ் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிஃப் ஸ்கூட்டரில் மேலே வந்து சேர்ந்தான். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். டயரில் காற்று ஏற ஏற, அது ரிம்மைச் சுற்றிலும் உள்பக்கமாக நெருக்கும். ரிம் கொஞ்சம் சுருங்கும். துணி காயப்போடும் கொடியின் இரண்டு முனையையும் பக்கத்தில் கொண்டுவந்தால் கொடி தொய்யும் இல்லையா, அப்படிக் கம்பி தொய்யும். கனமான ரிம்மில் இது கணக்கிலேயே வராது. நான் இவளுக்குப் போட்டிருப்பது இருப்பதிலேயே லேசான ரிம். ஏற்கெனவே தளர்வாக இருக்கும் இடது பக்கத்துக் கம்பிகள், இவள் அடிக்கும் காற்றுக்கு இன்னும் தளர்ந்துவிடுகின்றன. எழுந்து நின்று சாய்ந்து மிதித்தால் சுத்தமாக இழுவை போய், குறுக்கே போகிற இடத்தில் உரசுகின்றன. நான் ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாகக் காற்றை இறக்கி டயரைக் கழற்றிவிட்டு, அப்புறம் குறையைத் தேடினேன். குறையை என் கையாலேயே வெளியே அனுப்பிவிட்டு ஸ்டாண்டில் தேடியிருக்கிறேன். காற்றை நான் திரும்ப அடித்தது என் அளவுக்கு, அவள் அளவுக்கு இல்லை.

ஆசிஃப் கண்ணாடிக்காரன், அளவு விஷயம் சட்டென்று பிடிபட்டது. அதனால்தான் சிக்கலான கேள்வியையும் கேட்டான். "அப்போ அவ காத்து ஜாஸ்தி அடிக்கிறதாலதான் சத்தம். காத்து ஜாஸ்தி அடிக்கிறது பயத்தால. அப்போ நான் நெனச்சது சரிதானேக்கா? பயத்துலேர்ந்துதானே சத்தம் வந்துருக்கு?"

சிம்ராவின் முகம் சுருங்கியது. சண்டைக்குக் கேட்கவில்லை அவன், நிஜமாகவே கேட்டான். இருந்தாலும் எனக்கு அவன் காதைத் திருகலாம் போல் இருந்தது.

"தம்பி, இங்க வா. இந்த டயர்ல இன்னா எய்திக்கீது, படி."

படித்தான்.

"அதுக்கு மேல உன் பொண்டாட்டி ஒரு மூச்சு காத்து அடிச்சாளா?"

"இல்ல."

"அவ்ளோ காத்து அடிக்கலாம்னு டயர்லயே போட்டுருக்கான். அந்தக் காத்தைத் தாங்காத சக்கரத்தைக் கட்டினது நானு. அவ பயந்து அடிச்சாளோ பாட்டுப் பாடிக்கினு அடிச்சாளோ, சக்கரம் தாங்கணும். தாங்கல. இன்னொண்ணு கேட்டுக்க. இப்படித் தளர்ந்து தளர்ந்து விறைக்கிற கம்பி, வளைச்சு வளைச்சு நிமித்துற கம்பி மாதிரி, ஒரு நாள் ஹப்புல வளையுற கழுத்துல உடையும். ஒண்ணு உடஞ்சா பக்கத்துல இருக்கிறது உடையும். நாளைக்கோ, அடுத்த மழைக்கோ, எப்போன்னு எனக்குத் தெரியாது. ஆனா உடஞ்சிருக்கும். இவ சொன்னது சத்தம் இல்ல தம்பி, எச்சரிக்கை. போன தடவையும் அதான், இந்தத் தடவையும் அதான்."

ஆசிஃப் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு நான் வேறு வேலை எதையும் தொடவில்லை. சிம்ராவின் சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றினேன், டயரோடு, உச்ச அளவுக்குக் காற்றோடு. என் பட்டறையில் அப்படி ஒரு காட்சி நடந்ததே இல்லை. இடது பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தடித்த கம்பி போட்டால் நல்லது என்று பார்த்தேன், கையில் இருந்த நீளம் ஒத்துவரவில்லை. அந்த ரிம் இன்னும் கொஞ்சம் இழுவை தாங்கும், லேசான ரிம் ஆயிற்றே என்று நான்தான் பயந்து குறைத்து வைத்திருந்தேன். ஆமாம், நானும்தான் பயந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கால் கால் திருகாக ஏற்றினேன். ஏற்றும்போது கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும், அதை ஒவ்வொன்றாக விடுவித்தேன். காற்றோடு அளந்தேன், காற்று இறக்கி அளந்தேன், திரும்பக் காற்றடித்து அளந்தேன். முடிக்கும்போது விரல் நுனியெல்லாம் எரிந்தது.

சனிக்கிழமை காலை அதே பாலம். நான் சொன்ன அளவுக்குத்தான் காற்று அடிக்க வேண்டும், ஆனால் உச்ச அளவுக்கு அடித்தாலும் சக்கரம் தாங்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் தடவை அவள் வேண்டுமென்றே உச்ச அளவுக்கு அடித்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. என் இடத்தில் அவளும், அவள் இடத்தில் நானும் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

இந்தத் தடவை நான் கூடப் போகவில்லை. நானும் ஆசிஃபும் கீழே நின்றோம். அவள் எழுந்து நின்று மிதித்துக்கொண்டே ஏறினாள், மறுபக்கம் இறங்கி மறைந்தாள், சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். மூன்றாவது தடவை எங்கள் பக்கத்தில் வந்து நிறுத்தினாள். வியர்வை கழுத்தில் வழிந்தது.

"சத்தம்?" என்றேன்.

"இல்ல. சுத்தமா இல்ல."

"அப்புறம் ஏன் இப்படி மூஞ்சிய வெச்சிருக்கே?"

அவள் இன்னும் பிரேக்கை விடவில்லை. "பயம் அப்படியே இருக்குக்கா. சத்தம் போனா இதுவும் போயிரும்னு நெனச்சேன். இறக்கத்துல வரும்போது போன வருஷம் மாதிரியே சக்கரம் சிக்கி நின்னுடும்னு தோணுது."

கம்பியை நான் இழுத்துக் கட்டலாம். இதற்கு என்னிடம் எந்தச் சாவியும் இல்லை. ஆசிஃப் மெதுவாக, மிகவும் ஜாக்கிரதையாக, "அப்போ நாளைக்கு வேணாம் சிம்ரா. இன்னொரு ரேஸ் வராமலா போயிரும்?" என்றான்.

"இல்லங்க, போறேன்" என்றாள் அவள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "பயம் என்னுது. அதோட எப்படி ஓட்டணும்னு நான் பாத்துக்கறேன். எது பயம், எது சத்தம்னு தெரியாமத்தான் இவ்வளவு நாள் திண்டாடினேன். இப்போ தெரியுது."

"நாளைக்கு ரோட்டுல திரும்ப சத்தம் வந்தா?"

"வந்தா நிறுத்திடுவேன். உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லுவேன்."

ஆசிஃப் தலையை ஆட்டினான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"போன வருஷமும் உங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன்" என்றாள்.

பாலத்தில் இரண்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போயின. நான் அங்கே நிற்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் கால் நகரவில்லை. ஆசிஃப் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நாளைக்கு சொன்னா" என்றாள் சிம்ரா, "ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன்" என்றான். "வந்துடறேன். எங்க இருந்தாலும் வந்துடறேன்."

அவள் சைக்கிளைத் திருப்பினாள். நாளைக்குப் பந்தயம், இன்றைக்குப் போதும், கால் களைத்துவிடும் என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? எழுந்து நின்று மிதித்துக்கொண்டு, நாலாவது தடவையாகப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்.